ஏழு பேர் வழுக்கிய படி

பிப்ரவரி 11

ரைட்டர் ஐயாவுக்கு,

என் தங்கச்சி உங்கள் வீட்டில் இருப்பதால் சௌக்கியமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. சௌக்கியமா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சொல்வது நான், எழுதுவது பக்கத்து மருந்துக்கடை அம்மா. ஃபோனில் பேசினால் நீங்கள் நடுநடுவே "இருங்க மச்சான், இருங்க மச்சான்" என்று என் வாயை அடைத்துவிடுவீர்கள். காகிதத்தில் சொன்னால் கடைசிவரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நேற்று என்னைத் துறை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பெயின்டர் விஷயம். மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறதே, அதுதான். சப்-இன்ஸ்பெக்டரை, அதாவது நம் சிரிச்ச மூஞ்சியை, வேலையை விட்டு அனுப்புவதா வேண்டாமா என்று பார்க்கிறார்களாம். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, நீங்கள் எழுத்து வேலை பார்த்த ஸ்டேஷன் ஆட்களே வைத்தது, அடிக்கும்போதும் சிரித்த முகமாகவே அடிப்பார் என்று இதை எழுதும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

விசாரணை அதிகாரி ஒரு பெண். நான்காவது ஆளாம். முன்னால் இருந்த மூன்று பேரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பெரியவரே, ஸ்டேஷன் எதிர்ல எத்தனை வருஷமா இஸ்திரி போடுறீங்க?" என்றார். முப்பத்தொரு வருஷம் என்றேன். "அன்னைக்கு என்ன பார்த்தீங்க?" என்றார்.

பார்த்ததைச் சொன்னேன். ஜூன் மாதம், வியாழக்கிழமை. மறுநாள் மேலதிகாரி வருகிறார் என்று பத்தொன்பது சட்டை வந்திருந்தது. நான்கு மணிக்கு மடித்து எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தேன். லாக்கப்பைத் தாண்டும் நடையில் சிரிச்ச மூஞ்சி அந்தப் பெயின்டரின் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். அவன் சுவரில் சாய்ந்தான். பிறகு லத்தியால் முழங்கையில். அவன் கத்தவில்லை. "ஏணி அங்கயே நிக்குது சார், யாராவது மேல ஏறிடுவாங்க சார்" என்றுதான் சொன்னான். அவன் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கடையின் சொந்தக்காரர் செல்போன் காணோம் என்று சொன்னதை நம்பி ஏணியிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தவனை. அந்த போன் பிறகு கடைக்காரரின் மேஜை டிராயரிலேயே கிடைத்தது உங்களுக்கும் தெரியும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார் அந்த அதிகாரி அம்மாள். அப்புறம் ஒரு பழைய தாளை எடுத்து வாசித்தார். "மழையால் ஈரமாக இருந்த வாசற்படியில் மேற்படி நபர் தானாகவே வழுக்கி விழுந்து காது, முழங்கை ஆகிய இடங்களில் காயமடைந்ததை நான் நேரில் பார்த்தேன்." கீழே ஒரு கட்டைவிரல் ரேகை.

"இது உங்க ரேகைதானா பெரியவரே?"

"ரேகை என்னுதுதாம்மா."

"அப்ப நீங்க சொன்னதுதானே?"

எதிரே சிரிச்ச மூஞ்சி உட்கார்ந்திருந்தார். அவருக்கு உதவியாக ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், பளபளவென்று தேய்த்த கறுப்புக் கோட்டில். நான் போட்ட இஸ்திரி இல்லை, காலரில் மடிப்பு தப்பியிருந்தது. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தண்ணீர் கேட்டேன். ஏப்ரலுக்குத் தள்ளி வைத்தார்கள்.

அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். "மச்சான், ஒரு ரேகை." எப்போதும் கூப்பிடுவதுபோலத்தான். நானும் எப்போதும்போல விரலை நீட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை, நீங்கள் வாசிக்கவுமில்லை.

மழை வந்தால் நான் கரிமூட்டை மேல் தார்ப்பாய் இழுப்பேன். அந்த மாதம் முழுக்க தார்ப்பாய் வண்டிக்கு அடியில் சுருட்டியபடிதான் கிடந்தது. அன்று மழை எங்கே பெய்தது ரைட்டர் ஐயா? உங்கள் பேனாவிலா?

இப்படிக்கு,
ரேகைக்குச் சொந்தக்காரன்


பிப்ரவரி 20

மச்சான் அவர்களுக்கு,

தங்களின் பிப்ரவரி 11ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். அதில் கண்ட விவரங்கள் தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலாவது, மேற்படி மருந்துக்கடை அம்மாள் மூன்றாம் நபர். விசாரணையில் உள்ள விஷயத்தை அவர் கையால் எழுத வைப்பது முறையல்ல.

இரண்டாவது, தாங்கள் பதறத் தேவையில்லை. இந்த விசாரணையால் எதுவும் ஆகப் போவதில்லை. முப்பத்து நான்கு வருடம் ஸ்டேஷன் எழுத்து வேலை பார்த்தவன் சொல்கிறேன். என் காலத்தில் பதினோரு பேரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். பதினோரு பேரும் திரும்பி வந்தார்கள். ஒருவருக்கு ஏதோ ஓர் இணைப்பின் நகல் தரப்படவில்லை. ஒருவருக்கு நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்விட்டது. ஒரு வழக்கில் புகார் எழுதிய அதிகாரியே விசாரணை அதிகாரியாகவும் உட்கார்ந்துவிட்டார், முதலிலிருந்து தொடங்கு என்று உத்தரவு வந்தது. அதற்குள் சாட்சி வீடு மாறிப் போயிருந்தார். மூன்று பேர் விசாரணை நாளன்றெல்லாம் மருத்துவ விடுப்பில் இருந்தார்கள். ஓர் ஆளை வேலைக்குச் சேர்க்க ஒரு கையெழுத்து போதும், அனுப்புவதற்கு ஒரு பீரோ நிறையக் காகிதம் வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த விதிகள் இல்லாவிட்டால் நானே இன்று ஓய்வுபெற்றவனாக இருக்க மாட்டேன். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஓர் அதிகாரி வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போக மறுத்தேன் என்று என்னை அனுப்பப் பார்த்தார்கள். அந்தப் பீரோதான் என்னைக் காப்பாற்றியது. நல்லவனுக்குக் கட்டிய வேலிதான். அதற்குள் யார் வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது, ஏப்ரலில் கேட்கும்போது "வயதாகிவிட்டது, நினைவில்லை" என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் நாளை மறுபடி அதே ஸ்டேஷனுக்கு வந்து உட்காருவார். தாங்கள் எதிரே வண்டி போட்டிருப்பவர்.

தங்கள் தங்கை கடிதத்தைப் படித்துவிட்டாள். என்னிடம் பேசவில்லை. பேசாமலே எல்லா வேலையும் செய்கிறாள். பாத்திரங்கள்தான் பேசுகின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள


மார்ச் 14

ரைட்டர் ஐயாவுக்கு,

"தங்கள் உண்மையுள்ள" என்று வாசித்ததும் அம்மா சிரித்துவிட்டார். கீழே யார் என்று எழுத மறந்துவிட்டீர்களே. (இதை எழுதுபவள்: மூன்றாம் நபரான நான் சிரித்தது உண்மை. மன்னிக்கவும். பெரியவர் சொல்வதை மட்டும்தான் எழுதுகிறேன்.)

நினைவில்லை என்று சொல்லச் சொல்கிறீர்கள். படித்தவர்களுக்குப் புத்தகம் இருக்கிறது, டைரி இருக்கிறது. எனக்கு இருப்பது இந்த நினைவு ஒன்றுதான். இருபத்திரண்டு பேரின் சட்டையை ஒரு குறிப்பும் எழுதாமல் யார் யாருடையது என்று கொடுத்தவன் நான். ஒரு தடவைகூட மாறியதில்லை. உங்கள் கல்யாணத்தன்று நீங்கள் போட்டிருந்தது உங்கள் அண்ணன் சட்டை, இடது கை பட்டன் வேறு கலர் என்பதுவரை எனக்குத் தெரியும். தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. தெரிய வைக்கட்டுமா?

இதைக் கேளுங்கள். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சிரிச்ச மூஞ்சியின் சட்டை தேய்க்க வந்தது. வலது கை நுனியில் வெளிர்நீலப் பெயின்ட். காயவில்லை. என் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த இரண்டு சட்டையையும் கெடுத்தது. அவற்றில் ஒன்று உங்களுடையது. "என்ன மச்சான் இது கறை?" என்று கேட்டீர்கள். எதன் கறை என்று உங்களுக்கும் தெரியும், கேட்டீர்கள்.

போன வாரம் பெயின்டரின் மனைவி வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் உட்கார்ந்தாள். நான் என்னமோ திட்டப் போகிறாள் என்று பெட்டியில் கரியை ஊதிக்கொண்டே இருந்தேன்.

"ஊதினது போதும் ஐயா, கண்ணு சிவந்துடுச்சு" என்றாள். "நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு நான் கேக்க வரல. பதினாறு தடவை அந்த விசாரணை ஆபீஸ் மாடி ஏறிட்டேன். ஒரு தடவை அதிகாரி லீவு. ஒரு தடவை அவருக்கு வயித்துவலி. ஒரு தடவை ஃபைலக் காணோம். நாளைக்கும் கூப்பிடுவாங்க, நாளன்னைக்கும் கூப்பிடுவாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவர் படியில விழலன்னு யாராவது ஒருத்தர் சத்தமா சொல்லணும். எங்க வீட்டுக்காரரே இப்ப சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டாரு. 'ஒருவேளை நான்தான் விழுந்தேனா'ன்னு கேக்குறாரு."

அவன் வலது காது போய்விட்டது. முழங்கை நிமிரவில்லை. ஏணி ஏற முடியாது. ஜன்னல் கம்பிக்கு மட்டும் பெயின்ட் அடிக்கிறான், இடது கையால்.

ரைட்டர் ஐயா, என் மேலும் தப்பிருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். "ரேகை வேணும், வாங்க" என்று உள்ளே கூப்பிடும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். சட்டை தேய்ப்பவனுக்கு நாற்காலி போடுவார்கள். தெருவில் யாராவது என்னை முறைத்தால், "நான் யார் தெரியுமா, ஸ்டேஷனே என் விரலைக் கேட்கிறது" என்று மீசையைத் தடவியிருக்கிறேன். நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று சொல்வதற்கு முன்னால், நான் ஏமாறுவதற்கு எவ்வளவு ஆசையாக விரலை நீட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு சேதி. இரண்டு வாரமாக ஸ்டேஷனிலிருந்து ஒரு சட்டைகூட வரவில்லை. எல்லாரும் கசங்கிய உடுப்போடு போகிறார்கள். பார்க்கவே சகிக்கவில்லை.

இஸ்திரிக்காரன்


ஏப்ரல் 2

மச்சானுக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஆபீஸ் பாஷையில் எழுதினால் கை தானாக ஓடுகிறது. இப்படி எழுதினால் நின்று நின்று வருகிறது.

அந்த மழையைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன். அது அந்த நாளுக்காக எழுதிய வாக்கியமே இல்லை.

வெகு வருடம் முன்பு, வேறோர் அதிகாரி இருந்தபோது, ஒருவன் காலில் காயம். காயம் எப்படி வந்தது என்று எழுத வேண்டும். அன்று உண்மையிலேயே மழை. வாசல் மூன்று படியும் ஈரம். "மழையால் ஈரமாக இருந்த வாசற்படியில் தானாகவே வழுக்கி" என்று எழுதினேன். மேலே போனது. ஒரு கேள்வியும் வரவில்லை. அடுத்த தடவை அதே வாக்கியத்தைப் பார்த்து எழுதினேன். அப்போதும் கேள்வி வரவில்லை. புதிதாக ஒன்று எழுதினால் எங்காவது இடிக்கும். கேள்வி வராத வாக்கியம் கையில் இருக்கும்போது எதற்கு இன்னொன்று? அப்படி ஏழு தடவை. பேரும் தேதியும் காயமும் மட்டும் மாறும். மழை மாறாது. ஏழாவது, உங்கள் பெயின்டர். அன்று வெளியே வெயிலா மழையா என்று தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஏழிலும் சாட்சி ரேகை உங்களுடையது.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் தங்கையிடம் நேற்றுச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த மூணு படியில நான் ஆயிரம் தடவை ஏறி இறங்கியிருக்கேன். ஒரு தடவை வழுக்கினதில்ல" என்றாள். அவ்வளவுதான்.

மச்சான், கெஞ்சிக் கேட்கிறேன். ரேகை உங்களுடையது, சொன்னது உங்களுடையது இல்லை என்று நீங்கள் சொன்னால், அடுத்த கேள்வி யார் எழுதியது என்பதுதான். ஓய்வுபெற்றவன் மேலும் நடவடிக்கை எடுக்க விதி இருக்கிறது. அந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். இங்கே பிள்ளை வீட்டில் இருக்கிறோம். மருமகள் அக்கம்பக்கத்தில் என்னை "போலீஸ்ல இருந்தவர், ஒரு கெட்ட பேர் கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நினைவில்லை என்று சொல்ல வேண்டாம். உடம்பு சரியில்லை என்று அன்று போகாமல் இருந்தாலே போதும்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 24

மாப்பிள்ளைக்கு,

உடம்பு நன்றாக இருந்தது. போனேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். கறுப்புக் கோட்டுக்காரர் எழுந்து ஒரு கட்டுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"பெரியவரே, இந்த ஸ்டேஷன் கேசுங்கள்ல நீங்க நாப்பத்தொரு தடவை சாட்சியா ரேகை வச்சிருக்கீங்க. சரிதானா?"

"இல்லீங்க."

"இல்லையா? இதோ பட்டியல் இருக்கு."

"பட்டியல் தப்புங்க. நாப்பத்தாறு. பழைய கட்டடத்துல வச்ச அஞ்ச விட்டுட்டீங்க."

விசாரணை அதிகாரி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். கோட்டுக்காரருக்கு முகம் மாறியது.

"நாப்பத்தாறும் நேர்ல பார்த்ததா?"

"ஒம்போது பார்த்ததுங்க. மிச்சம் முப்பத்தேழும் பார்க்காதது."

"அப்படின்னா முப்பத்தேழு தடவை பொய் சாட்சி சொன்ன ஆளு நீங்க."

"ஆமாங்க."

"பொய் சாட்சி சொல்ற ஆளு இன்னைக்கு மட்டும் உண்மை சொல்றாருன்னு நாங்க எப்படி நம்புறது?"

"முப்பத்தேழுக்கும் என் வாயால ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. விரல்தான் சொல்லிச்சு. வாயால சொல்றது இதுதான் முதல் தடவை."

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. பிறகு பெயின்ட் படிந்த சட்டையைப் பற்றிச் சொன்னேன். "சட்டை எங்கே?" என்றார். "அவர் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு" என்றேன். சிரிச்ச மூஞ்சியே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு கெட்ட சிரிப்பில்லை மாப்பிள்ளை. எனக்கே ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது.

கடைசியில் அம்மாள் கேட்டார். "இந்தத் தாள எழுதினது யாரு?"

நான் அவர் மேஜை மேல் காகிதம் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தேன். உள்ளே காற்றுக் குமிழி மூன்று. எண்ணி முடித்துவிட்டேன், கேள்வி இன்னும் அங்கேயே இருந்தது.

"எனக்கு எழுத்து தெரியாதும்மா. எந்தக் கையெழுத்து யாருதுன்னு நான் எப்படிச் சொல்வேன்?" என்றேன்.

இதுவும் பொய்தான். உங்கள் கையெழுத்தை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். ஒவ்வொரு வரியும் கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும். முப்பத்தெட்டாவது பொய். இது உங்களுக்காக இல்லை, தங்கச்சிக்காக.

அம்மாள் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "உங்க ரேகை ஒரு பக்கம், உங்க வாய் இன்னொரு பக்கம். இத மட்டும் வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது பெரியவரே. மேல போனா நிக்காது. எழுதினவர் வந்து சொல்லணும்."

வெளியே வராந்தாவில் பெயின்டரின் மனைவி நின்றிருந்தாள். "சத்தமா சொன்னீங்க ஐயா, வெளிய வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினேன்.

உங்களை வா என்றும் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். நான் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

மச்சான்


மே 19

மச்சானுக்கு,

சம்மன் வந்துவிட்டது. கையெழுத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நீங்கள் தேவைப்படவில்லை. ஜூன் 24.

மருமகள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.

மாப்பிள்ளை


ஜூலை 16

மச்சானுக்கு,

உங்கள் ஊருக்கு வந்துவிட்டு உங்களைப் பார்க்காமல் திரும்பினேன். தெரு முனைவரை வந்தேன். நீங்கள் குனிந்து ஒரு பெண்ணின் துப்பட்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன்.

விசாரணையன்று நான் சீக்கிரமே போய்விட்டேன். வராந்தா பெஞ்சில் சப்-இன்ஸ்பெக்டர் மட்டும்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "அண்ணே, எப்படிண்ணே இருக்கீங்க? முட்டி வலி தேவலையா?" என்று கேட்டு டீ வாங்கி வந்து கொடுத்தார். எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

அவர் முதன்முதலில் அந்த ஸ்டேஷனுக்கு வந்தபோது வயது இருபத்து மூன்று. விபத்தில் இறந்த ஒருவரின் உடலைப் பார்த்துவிட்டு வாந்தி எடுத்தார். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் ஒருவனை அடித்துவிட்டு என்னிடம் வந்து, "அண்ணே, ரத்தம் வந்துருச்சு, இப்ப என்ன செய்யிறது?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டார். நான் பேனாவை எடுத்தேன். "உக்காருங்க, எழுதிரலாம்" என்றேன். அடுத்த தடவை அவர் நடுங்கவில்லை. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று ஸ்டேஷனில் எல்லாரும் கேட்பார்கள். எனக்குத் தெரியும் மச்சான். என்னிடமிருந்துதான் வந்தது.

டீயைக் குடித்தேன். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு தேதியும் சொன்னேன். பழைய கட்டுகளை எடுக்கச் சொன்னார்கள். ஐந்து கிடைத்தன, இரண்டு கரையான் தின்றுவிட்டது. ஐந்திலும் அதே வாக்கியம், ஒரு புள்ளி மாறவில்லை. அந்தத் தேதிகளின் மழை அளவை மதியத்துக்குள் வானிலை அலுவலகத்திலிருந்து கேட்டு வரவழைத்தார் அதிகாரி அம்மாள். ஒன்றில் மட்டும் மழை. நான்கில் ஒரு சொட்டு இல்லை. அந்த நான்கில் ஒன்று முந்தைய அதிகாரி காலத்தது, மூன்று இவருடையது.

"ஏன் ஏழு தடவையும் ஒரே வாக்கியம்?" என்று கேட்டார்.

"யாரும் கேக்கலீங்கம்மா. நீங்கதான் முதல்ல கேக்குறீங்க" என்றேன்.

ரேகை வைத்தவருக்கு வாசித்துக் காட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நாற்பத்தாறு தடவையில் ஒரு தடவைகூட இல்லை என்றேன். எண்ணிக்கை உங்கள் கணக்குப்படிதான், சரிபார்க்கத் தேவையில்லை.

வெளியே வந்தபோது அவர் அதே பெஞ்சில் இருந்தார். இந்தத் தடவை எழுந்து நிற்கவில்லை. "நீங்களுமாண்ணே?" என்றார். நான் படியிறங்கினேன். இருபது வருடம் முன்பு சொல்லியிருக்க வேண்டிய பதிலை அன்று சொல்லி என்ன?

பத்தொன்பதாவது நாள் எனக்கு நோட்டீஸ் வந்தது. பொய்யாகப் பதிவு எழுதியதாக நானே ஒப்புக்கொண்டதால், ஓய்வூதியத்தை ஏன் குறைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தேன். இணைப்புகள் ஐந்தும் இருக்கின்றன. முகவரி சரி. கையெழுத்து சரி. பதில் தர பதினைந்து நாள், அதுவும் சரி. ஒரு சின்னத் தவறுகூட இல்லை. அவருக்கு மூன்று வருடத்தில் செய்ய முடியாததை எனக்குப் பத்தொன்பது நாளில் எவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்! எழுத்து வேலை தெரிந்தவன் என்ற முறையில் பாராட்டத்தான் தோன்றியது.

உங்கள் தங்கை அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்றாள். ஐந்து மாதம் கழித்து அவளாக வந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மாப்பிள்ளை


நவம்பர் 9

மாப்பிள்ளைக்கு,

நல்லதும் கெட்டதும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதால் இத்தனை நாள் காத்திருந்து சொல்கிறேன். அம்மாவும் கடையில் கூட்டமில்லாத மதியமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

செப்டம்பரில் உத்தரவு வந்தது. சிரிச்ச மூஞ்சிக்குப் பணிநீக்கம். பெயின்டரின் மனைவி அந்தக் காகிதத்தின் நகலோடு மூச்சிரைக்க வந்தாள். பின்னாலேயே அவனும் வந்தான். "இவர்ட்ட வீட்லயே சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்குறாரு, நீங்க சொல்லுங்க ஐயா" என்றாள். எனக்கு வாசிக்கத் தெரியாதே என்றேன். அம்மா கடையிலிருந்து இறங்கி வந்து வாசித்தார். அவன் நல்ல காதைத் திருப்பி வைத்துக் கேட்டான். "படியில் விழுந்ததாகக் கூறப்பட்டது பொய் என நிரூபணமாகிறது" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினான். "அத மட்டும் இன்னொரு தடவை வாசிங்கம்மா" என்றான். வேலையிலிருந்து நீக்கியதைப் பற்றி அவன் ஒன்றுமே கேட்கவில்லை.

கெட்ட செய்தி இது. நீங்கள் அன்று சொன்னபடியே நடந்துவிட்டது. அவர் மேல்முறையீடு போனார். வானிலை அலுவலகக் காகிதத்தின் ஒரு நகலை அவருக்கு முன்கூட்டித் தரவில்லையாம். உத்தரவை நிறுத்தி வைத்து, சாட்சிகளை மறுபடி விசாரிக்கச் சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது அதிகாரி. ஜனவரி 8. பெயின்டரின் மனைவி வந்து பலகையில் உட்கார்ந்தாள். அப்புறம் சிரித்தாள். "இருபத்தி மூணாவது தடவை ஐயா. அந்த மாடியில எத்தனை படின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்" என்றாள்.

நேற்று அவர் வந்தார். சிரிச்ச மூஞ்சி. உடுப்பு இல்லாமல், ஒரு கட்டம் போட்ட சட்டையில். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. இளைத்துவிட்டார். பலகையில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"பெரியவரே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"என்னைக்காவது உங்கள ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருக்கேனா?"

"இல்லீங்க."

"உங்க வண்டிய எடுக்கச் சொல்லி ரெண்டு தடவை ஆள் வந்தாங்க. நான்தான் பேசித் திருப்பி அனுப்பினேன். தெரியுமா?"

"தெரியுங்க. மறக்கல."

"அப்புறம் உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்? ஏன் எனக்கு இப்படிச் செய்றீங்க?"

குரல் உடைந்துவிட்டது மாப்பிள்ளை. வீட்டில் பெண்பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்களாம், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்களாம். அவர் தோளைத் தட்ட என் கை நீண்டுவிட்டது. பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே.

"எனக்கு நீங்க ஒண்ணுமே செய்யலீங்க" என்றேன். "நல்லதுதான் செஞ்சீங்க. அதனாலதான் இவ்வளவு வருஷம் நான் வாயத் திறக்கல."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புரிந்ததா என்று தெரியவில்லை. "ஜனவரிக்கு வருவீங்களா?" என்றார்.

"வருவேங்க."

எழுந்து போய்விட்டார். ஸ்டேஷன் பக்கம் திரும்பாமல் எதிர்த்திசையில் நடந்தார்.

அவர் போன பிறகு அம்மா கேட்டார், வயது எழுபத்தாறு ஆகிறதே, எத்தனை தடவைதான் அந்த மாடி ஏறுவீர்கள் என்று. நாற்பத்தாறு தடவை, கூப்பிட்டதும் கையிலிருக்கும் பெட்டியைக்கூட இறக்காமல் ரோட்டைத் தாண்டி ஓடினவன் நான். இதற்கு மட்டும் கால் வலிக்கிறது என்று சொன்னால் நன்றாகவா இருக்கும்?

உங்களையும் கூப்பிட்டிருப்பார்கள். இந்தத் தடவை தெரு முனையிலிருந்து திரும்பிப் போனால் நான் கத்தி ஊரைக் கூட்டிவிடுவேன். ஏழாம் தேதியே வந்துவிடுங்கள். தங்கச்சியையும் அழைத்து வாருங்கள். எட்டாம் தேதி காலையில் மூன்று பேருமாகப் போவோம். பெயின்டரின் மனைவி கீழே கேட் பக்கத்தில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். சேர்ந்தே ஏறலாம்.

மச்சான்